புள்ளி எந்த வயது இலையில் விழுந்திருக்கிறது? எலுமிச்சைச் சொறி நோய்க்கு அறிகுறிவாரியான வழிமுறை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் மொட்டைமாடித் தொட்டி வைத்திருக்கும் வீடு எதுவானாலும், கற்பூரவள்ளிக்கும் துளசிக்கும் அடுத்தபடியாக ஓர் எலுமிச்சை நிற்கும். கார்த்திகை பிறந்ததும் அந்த எலுமிச்சை இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். உடனே கடைக்குப் போய் ஏதாவது ஒரு மருந்தை வாங்கித் தெளிப்பார்கள். தெளித்த பிறகும் புள்ளி மறையாததைக் கண்டு மருந்தை மாற்றுவார்கள். நானும் பல ஆண்டுகள் இதையே செய்துவந்தேன். புள்ளி விழுந்த இலைக்கு என்ன வயது என்பதை முதலில் பார்க்கப் பழகிய பிறகுதான், பாதி நேரம் மருந்தே தேவைப்படவில்லை என்பதும், தேவைப்பட்ட நேரங்களில் நான் தவறான நாளில் தெளித்துவந்தேன் என்பதும் புரிந்தன.

சொறி நோய்க்குக் காரணம் சாந்தோமோனாஸ் சிட்ரி என்னும் பாக்டீரியா. இது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1827-க்கும் 1831-க்கும் இடையில் இந்தியாவில் சேகரிக்கப்பட்டு இலண்டன் கியூ தோட்டத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் வைக்கப்பட்ட நார்த்தை வகை இலைகளிலேயே இதன் சொறி காணப்பட்டிருக்கிறது. இந்தப் பாக்டீரியாவால் இலையின் தோலைத் துளைக்க முடியாது. இலைத்துளை (இலை மூச்சுவிடும் நுண்துளை) வழியாகவோ காயத்தின் வழியாகவோதான் அது உள்ளே போக வேண்டும். கீழே சொல்லும் எல்லா அறிகுறிகளையும் இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் இலையின் வயதைக் கணித்துக்கொள்ளுங்கள்

எலுமிச்சை ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் துளிர்ப்பதில்லை. விட்டு விட்டு, கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். ஒரு கொத்தில் உள்ள இலைகள் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. ஆகவே துளிர் தெரிந்த நாளில் அந்தக் கிளையில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி, நாட்காட்டியில் அதே வண்ணத்தைக் குறித்து வைத்தால் வயதைப் பற்றிய ஊகத்திற்கே இடமிருக்காது. பூ கட்டும் நார் மழையில் அழுகிவிடும்; தையற்கடையில் கிடைக்கும் நைலான் நூலே நிற்கும்.

நூல் கட்டாத செடியில் விரலையும் கண்ணையும் நம்பலாம். எலி வாலின் நுனி போல் சுருண்டு நிற்கும் முதல் சில நாட்களின் இலையில் இலைத்துளைகள் இன்னும் திறந்து உருவாகவில்லை. அதனால் அதில் நோய் எளிதில் ஏறுவதில்லை. முழு அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விரிந்து, வெளிர்பச்சையாக, மடித்தாலும் ஒடியாமல் துணி போல் வளையும் இலைதான் மிகவும் ஆபத்தான வயதில் இருக்கிறது. துளிர் கிளம்பி ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்களில் அது இந்த நிலையை அடைகிறது. ஆறு வாரம் கடந்தபின் இலை கரும்பச்சையாகி, மடித்தால் 'படக்'கென்று ஒடியும். மேல்தோலின் மெழுகு தடித்துவிடுகிறது, உள்ளிருக்கும் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. இந்தப் பாக்டீரியா ஒரு புரதத்தைச் செலுத்தி, இலையின் செல்களையே பெருக்கி வீங்க வைத்துத்தான் சொறியை உருவாக்குகிறது. வளர்ச்சி முடிந்த இலையில் அந்த வேலை எளிதாக நடப்பதில்லை.

அறிகுறி: மழைக்குப் பின் இளம் இலையில் தடித்த புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம்

இதுவே அசல் சொறி நோய். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள். எலுமிச்சையின் இலைத்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருப்பதால் புள்ளியும் அங்கேதான் முதலில் கிளம்புகிறது. சவுகார்பேட்டையில் நகை வேலை செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சிறு லென்சு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் வழியே காலை வெயிலுக்கு எதிராக இலையைப் பிடித்தால், புள்ளியின் விளிம்பு எண்ணெய் பட்ட காகிதம் போல் ஊடுதெரியும். நடுப்பகுதி வெடித்து, எரிமலை வாய் போல் சற்றே குழிந்திருக்கும். பெருவிரலால் தடவினால் உப்புத்தாளைத் தடவியது போல் சொரசொரக்கும். புள்ளி இலையின் இருபுறமும் மேடாக எழுந்திருந்தால் ஐயமே வேண்டாம். தட்டையாக, தடவினால் வழுவழுப்பாக இருக்கும் புள்ளி வேறு ஏதோ ஒன்று; அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

நோய் ஏறிய ஏழு முதல் பத்து நாட்களில் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே புள்ளியைக் கண்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், எந்த மழையில் ஏறியது என்பது தெரிந்துவிடும். அந்த மழையன்று இந்த இலை பாதி விரிந்த நிலையில் இருந்ததா என்று நாட்காட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் இருந்திருக்கும். பழைய சொறியின் மீது மழைத்துளி விழுந்து நனைந்த சிறிது நேரத்திலேயே பாக்டீரியா வெளியே கசிகிறது, சிதறும் துளியோடு பக்கத்து இலைக்குப் போகிறது. வெப்பநிலை 20 முதல் 30 பாகை செல்சியசு வரை இருப்பது அதற்கு மிகவும் பிடித்தம். நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம் கிட்டத்தட்ட முழுவதுமே இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியவை இவை. செடி காய்ந்திருக்கும் நேரத்தில், ஈரமான இலையைத் தொடாமல், புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி உறையில் போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள்; உரக்குழியில் போட வேண்டாம். தொட்டியைச் சுவரோரமாக, மழைச்சாரல் நேரடியாக அடிக்காத இடத்துக்கு நகர்த்துங்கள். நான் சென்ற ஆண்டு தொட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே இழுத்தபோது அடுத்த மாடியில் இருந்த பாட்டி, "மழைத்தண்ணி பட்டா செடிக்கு நல்லதுதானே தம்பி, அதை ஏன் உள்ள இழுக்கறே?" என்று கேட்டார். "வேருக்கு நல்லது பாட்டிம்மா, இந்த இலைக்கு இன்னும் மூணு வாரம் ஆகணும்" என்றேன். வேருக்கு வாளியில் பிடித்த மழைநீரை ஊற்றினால் போதும்.

அடுத்தது தாமிர மருந்து. காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளிக்கலாம். போர்டோ கலவையை வீட்டிலேயே செய்ய விரும்பினால், ஒரு லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம் (தாமிர சல்பேட்டு), 10 கிராம் சுண்ணாம்பு என்ற கணக்கில் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்பு ஆணி ஒன்றை அதில் சற்று நேரம் தோய்த்து எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அந்தக் கலவையை அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும்.

தாமிரம் நோயைக் குணப்படுத்தும் மருந்தன்று. இலையின் மேல் போர்த்தும் காப்பு மட்டுமே. நேற்று அரை அங்குலமாக இருந்து நாளை ஓர் அங்குலமாகும் இலையில், இடையில் புதிதாக விரிந்த பரப்பின் மேல் மருந்து இருக்காது. அதனால்தான் "ஒரு முறை தெளித்தேன், கேட்கவில்லை" என்ற புகார் வருகிறது. துளிர் பாதி விரியும்போது ஒரு முறையும், மழை தொடர்ந்தால் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். முற்றிய இலைக்குத் தெளிப்பது மருந்துக்கும் பணத்துக்கும் கேடு. ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தூளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது மனிதரின் காசநோய்க்கும் தரப்படும் மருந்து என்பதால், குழந்தைகள் விளையாடும் மாடியில் நான் அதைத் தொடுவதில்லை, பிறருக்கும் சொல்வதில்லை.

அறிகுறி: வெள்ளிக் கோடு ஓடிய இலையில், அந்தக் கோட்டின் வழியே சொறி

இலையின் அடியில் நத்தை ஊர்ந்தது போல் வெள்ளி நிறக் கோடு வளைந்து வளைந்து ஓடி, இலை ஓரம் சுருண்டிருந்தால் அது இலைத்துளைப்பான் புழுவின் வேலை. இந்தப் பூச்சி முட்டையிடுவது இளந்துளிரில் மட்டுமே. அது பாக்டீரியாவைச் சுமந்து வருவதில்லை; ஆனால் மேல்தோலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, உள்ளிருக்கும் மென்தசையைத் திறந்து போடுகிறது. முள்ளோ காற்றோ கீறிய காயம் ஓரிரு நாளில் ஆறிவிடும். இந்தச் சுரங்கம் ஆறப் பத்து, பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. அத்தனை நாளும் மழைத்துளிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1993-இல் இந்தப் பூச்சி நுழைந்தது. 1995-இல் மியாமி அருகே சொறி நோய் மீண்டும் கண்டறியப்பட்டபோது, அது முன்னைக் காட்டிலும் வேகமாகப் பரவியதற்கு இந்தப் புழுவும் ஒரு காரணமாயிற்று. நோயுற்ற மரங்களை வெட்டி ஒழிக்கும் திட்டத்தை அங்கே 2006-இல் கைவிட்டார்கள்.

இங்கே தாமிரம் மட்டும் தெளித்தால் பயனில்லை, ஏனெனில் நோய், மருந்து படிந்த தோலின் வழியே நுழையவில்லை. புழுவைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். துளிர் விரல்நக அளவு இருக்கும்போதே, மாலையில், 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கத் தொடங்கி வாரம் ஒரு முறை இலை முற்றும் வரை தொடர வேண்டும். அதற்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, ஒரு லிட்டராக்கிக்கொள்ளலாம். சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் ஒட்டும். ஒன்றிரண்டு இலைகளில் மட்டும் கோடு இருந்தால், சுருண்ட ஓரத்தை விரலால் நசுக்கிவிடுவதே போதுமானது.

அறிகுறி: முற்றிய இலையில் மட்டும் புள்ளி, புதுத் துளிர் சுத்தமாக இருக்கிறது

பதற வேண்டாம். இந்தப் புள்ளி இலை இளமையாக இருந்தபோது விழுந்தது. இன்று நீங்கள் பார்ப்பது அதன் தழும்பு. மஞ்சள் வளையம் மங்கி, நடுப்பகுதி வெளுத்து, சில புள்ளிகளில் நடு உதிர்ந்து ஓட்டை விழுந்திருக்கும். ஆனாலும் அந்தத் தழும்புக்குள் பாக்டீரியா உயிருடன் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன், புதுத் துளிருக்கு நேர்மேலே இருக்கும் தழும்பு இலைகளை மட்டுமாவது கிள்ளிவிடுங்கள். சொட்டும் நீர் கீழ்நோக்கித்தான் வரும். எல்லா இலைகளையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் செடி பதிலுக்கு ஏராளமாகத் துளிர்விடும். அதுவே அடுத்த மழைக்கு விருந்தாகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த பத்தாம் நாள், என் செடியில் கரும்பச்சையாய் முற்றிய இலைகளிலும் புதிய சொறி கிளம்பியது. லென்சில் பார்த்தபோது, புள்ளிகள் சிதறிக் கிடக்காமல் ஒரே நேர்க்கோட்டில் மணி கோத்தது போல் நின்றன. காற்றில் செடியின் சொந்த முள்ளே இலையைக் கீறிய கோடு அது. மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும்போது, மழைநீர் இலைத்துளைக்குள்ளும் கீறலுக்குள்ளும் அழுத்தித் தள்ளப்படுகிறது. காயம்பட்ட இலைக்கு வயது கைகொடுப்பதில்லை. காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலுக்கு நேர் எதிரே மாடி இருப்பவர்கள் கிழக்குப் பக்கம் பச்சை நிழல்வலை ஒன்றைக் கட்டிக் காற்றைத் தணிப்பது, எந்த மருந்தையும் விட அதிகப் பயன் தரும்.

அறிகுறி: சொறி இல்லை, ஆனால் இலை மஞ்சளாகிறது

இங்கும் வயதுதான் வழிகாட்டும். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு அல்லது துத்தநாகக் குறை. வடசென்னையின் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வீடுகளில் இது மிகுதி. பழைய இலையில் காம்பை ஒட்டிக் கூம்பு போல ஒரு பச்சைத் திட்டு மட்டும் மிஞ்சி மற்றப் பகுதி மஞ்சளானால் மக்னீசியக் குறை. பழைய இலையின் நுனியும் ஓரமும் கருகினால் உப்பு. இவற்றில் எதற்கும் தாமிரம் மருந்தாகாது.

கவலைப்பட வேண்டிய மஞ்சள் ஒன்று இருக்கிறது. முற்றிய இலையில், நடுநரம்பின் இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் திட்டுத் திட்டாக மஞ்சள் படர்ந்தால், அது பசுமையாதல் நோய் எனப்படும் வேறொரு பாக்டீரியா நோயாக இருக்கலாம். பேனாவால் நடுநரம்பின் இருபுறமும் நேர் எதிரே இரண்டு வட்டங்கள் வரைந்து, இரண்டுக்குள்ளும் உள்ள நிறத்தை ஒப்பிடுங்கள். சத்துக்குறையில் இரண்டும் ஒத்திருக்கும். இந்த நோயில் ஒத்திருக்காது. இதைப் பரப்பும் சைலிட் என்ற சிறு சாறுண்ணிப் பூச்சி இளந்துளிரில்தான் முட்டையிடுகிறது. நோயின் அடையாளமோ நெடுநாள் கழித்து முற்றிய இலையில்தான் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு மருந்தில்லை. அந்தச் செடியிலிருந்து பதியனோ ஒட்டோ எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். ஐயம் உறுதியானால் செடியை அகற்றிவிடுவதே பக்கத்து மாடிகளுக்கு நல்லது.

அறிகுறி: குச்சியிலும் காயிலும் சொறி

இளங்குச்சியில் ஏறிய சொறி, இலையில் உள்ளதை விட நெடுங்காலம் உயிரோடு இருந்து ஆண்டுதோறும் நோயைத் தொடங்கிவைக்கிறது. தை, மாசியில் மழை முற்றும் நின்றபின், சொறிக்குக் கீழே நல்ல பகுதியில் வெட்டி எடுத்து, கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டுவாயில் போர்டோ பசையை (போர்டோ கலவையின் கெட்டியான வடிவம்) தடவுங்கள். காயும் இளமையில்தான் நோய்க்கு ஆளாகிறது. இதழ் உதிர்ந்த முதல் மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் பெரிதாக ஏறுவதில்லை. சொறி விழுந்த பழத்தின் சாற்றில் எந்தக் கெடுதலும் இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆண்டுதோறும் கார்த்திகையில் மட்டும் திரும்பி வந்தால்

அப்படியானால் மழையும் துளிரும் ஒரே வாரத்தில் சந்திக்கின்றன என்று பொருள். பிழை மருந்தில் இல்லை, உரம் இடும் நாளில் இருக்கிறது. காசிமேட்டு மீன்கழிவில் செய்த மீன் அமிலத்தைப் புரட்டாசியில் ஊற்றினால் ஐப்பசியில் துளிர்க்கும். வடகிழக்குப் பருவமழையும் வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. நான் இப்போது ஆவணி முதல் வாரத்தில் கடைசித் தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) கொடுத்து, நீண்ட குச்சிகளின் நுனியையும் அப்போதே கிள்ளிவிடுகிறேன். அதற்குக் கிளம்பும் துளிர் ஆறு வாரத்தில் முற்றி, அடைமழை தொடங்கும்போது 'படக்'கென்று ஒடியும் நிலைக்கு வந்துவிடுகிறது. இடையில் ஆவணி, புரட்டாசி மாலைகளில் வரும் இடிமழைக்கு மட்டும் தொட்டியை உள்ளே இழுக்க வேண்டியிருக்கிறது. பிறகு தை வரை தழைச்சத்து எதுவும் இல்லை.

அறிகுறி: தொட்டியில் வளர்க்கும் கிவிச் செடியின் இலை ஓரம் கருகுகிறது

இது எலுமிச்சை இல்லை என்றாலும், இங்கும் இலையின் வயதே விடை தருவதால் சேர்க்கிறேன். பழக்கடைக் கிவியின் விதையை முளைக்க வைத்தவர்களும், இணையத்தில் கன்று வாங்கியவர்களும் இதை அடிக்கடி கேட்கிறார்கள். உலகக் கிவித் தோட்டங்களை அலைக்கழித்த பாக்டீரியா நோயைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, அதுதான் வந்துவிட்டது என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் இங்கே தேவையில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த நோயை உண்டாக்கும் சூடோமோனாஸ் வகை, ஜப்பானில் 1984-இல் கவனிக்கப்பட்டது. இத்தாலியில் 2008 முதல் பேரழிவை ஏற்படுத்தியது. 2010 நவம்பரில் நியூசிலாந்தின் டெ புகே பகுதியில் தோன்றி, ஹார்ட்16ஏ என்ற மஞ்சள் கிவி வகையையே தோட்டங்களிலிருந்து அகற்ற வைத்தது. ஆனால் அது குளிர்விரும்பி. 10 முதல் 20 பாகை வரையுள்ள ஈரமான வசந்த காலத்தில்தான் அது செழிக்கிறது. 25 பாகையைத் தாண்டினால் தளர்கிறது. எலுமிச்சைச் சொறிக்கு உகந்த வெப்பம் அதற்குப் பகை.

வயதைப் பொறுத்தவரை இரண்டு நோய்களுக்கும் ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் உண்டு. கிவியிலும் வசந்தத்தில் விரியும் இலைகளில் நரம்புகளுக்கு இடையே அடைபட்ட, கோணல் விளிம்புள்ள பழுப்புப் புள்ளிகள் மஞ்சள் வளையத்தோடு தோன்றுகின்றன. ஆனால் கிவி இலையுதிர் கொடி. எலுமிச்சையில் இலை முற்றியதும் கதவு பெரும்பாலும் மூடிவிடுகிறது. கிவியில் இலை தன் வயது முடிந்து உதிரும்போது, காம்பு கழன்ற தழும்பே கொடிக்குள் நுழைய மற்றொரு வாசலாகிறது. அதனால் அந்த நாடுகளின் விவசாயிகள் இலை உதிரும் காலத்திலும் தாமிரம் தெளிக்கிறார்கள்.

உங்கள் தொட்டியில் கருகியிருப்பது எந்த இலை என்று பாருங்கள். கொடியின் அடியில் உள்ள பழைய இலைகளில், ஓரம் முழுவதும் ஒரே பட்டையாக, காகிதம் போல் மொரமொரவென்று காய்ந்திருந்தால் அது மேற்கு வெயிலும் உப்புநீரும் செய்த வேலை. தனித்தனிப் புள்ளி இருக்காது, மஞ்சள் வளையம் இருக்காது, தண்டில் கசிவும் இருக்காது. பிற்பகல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றி, பிடித்து வைத்த மழைநீரைத் தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வடியும் வரை ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். அடுத்து வரும் இலை நன்றாகவே வரும். காய்க்கும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்: ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனியே வேண்டும் என்பது ஒரு புறமிருக்க, அருணாச்சலத்திலும் இமாச்சலத்திலும் கிடைப்பது போல் நூற்றுக்கணக்கான மணி நேரக் குளிர் இல்லாமல் அது பூக்காது.